உப்புக் காற்றுக்கு எந்தப் பை?

கேமரா பை விற்கிற கடையில் எல்லாரும் அடியைப் பற்றியே பேசுவார்கள். “மாடியிலேர்ந்து போட்டாலும் ஒண்ணும் ஆகாது சார்” என்று பையின் விலாவை இரண்டு விரலால் அமுக்கிக் காட்டுவார்கள். உள்ளே வைத்த ஸ்பாஞ்ச் எத்தனை தடிமனோ அத்தனை விலை. லென்ஸ் பழுது பார்க்கிற கடையில் அரை மணி நேரம் உட்கார்ந்தால் வேறு கதை தெரியும். அங்கே மேசைமேல் கிடக்கும் பல லென்ஸ்களில் ஒரு சிராய்ப்புகூட இருக்காது. வெளியே புதுசாக மினுங்கும். டார்ச் அடித்து உள்ளே பார்த்தால் கண்ணாடி ஓரத்தில் வெள்ளை வெள்ளையாக இழை ஓடியிருக்கும். பூஞ்சை. நம் கடலோரத்தில் கேமராவுக்கு எமன் ஈரம்தான், அடி இரண்டாம்பட்சம்.

மழை ஓய்ந்த மார்கழிக் கடைசியில் முத்துப்பேட்டை, வேதாரண்யம், கோடியக்கரை என்று ஒரு சுற்றுக் கிளம்பியபோது, எந்த லென்ஸ் என்று யோசித்ததைவிட எந்தப் பை என்று யோசித்ததுதான் அதிகம். முத்துப்பேட்டையில் அலையாத்திக் காட்டுக்குள் படகில் போக வேண்டும், அங்கே தண்ணீர். வேதாரண்யத்தில் உப்பளம், அங்கே உப்பு. கோடியக்கரையில் மானும் பறவையும். அங்கே நம்முடைய சத்தமே நமக்கு எதிரி. மூன்று இடமும் மூன்று விதமான பை கேட்கின்றன. ஒரு தோளில் மூன்று பை தொங்காது.

எழும்பூரில் மன்னை எக்ஸ்பிரஸ் ஏறும்போதே முதல் பிரச்சினை வந்துவிடும். இரவு ரயில், தூக்கம், பை. கேமரா நிறுவனத்தின் பெயரைக் கொட்டை எழுத்தில் போட்ட பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடைமேடையில் நிற்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பதறும். கீழ் பர்த்துக்கு அடியில் சங்கிலி மாட்ட வளையம் இருக்கிறதுதான். ஆனால் ஒரு சின்னப் பையைப் பூட்டிச் சங்கிலி போட்டால், இதில் விலை உயர்ந்த சாமான் இருக்கிறது என்று நாமே போர்டு மாட்டின மாதிரி.

கேமரா பையாகத் தெரியாத கேமரா பை என்ற யோசனை பத்திரிகைப் புகைப்படக்காரர்களிடமிருந்து வந்தது. பிலடெல்பியா இன்க்வயரர் நாளிதழில் வேலை பார்த்த ஜிம் டோம்கி, கடையில் கிடைத்த பைகள் பிடிக்காமல் 1975இல் தனக்கென்று ஒரு கான்வாஸ் தோள்பையை வடிவமைத்தார். பெரிய ஸ்பாஞ்ச் கிடையாது. இடுப்பில் ஒட்டிக்கொண்டு தொங்கும், கையை விட்டால் லென்ஸ் அகப்படும். இங்கிலாந்தில் 1973இல் தொடங்கிய பில்லிங்ஹாமின் கதை இன்னும் வேடிக்கை. அவர்கள் தைத்தது மீன் பிடிக்கிறவர்களுக்கான பை. தங்கள் பைகளை நியூயார்க்கில் புகைப்படக்காரர்கள் வாங்குகிறார்கள் என்று 1978இல்தான் அவர்களுக்கே தெரிய வந்தது. இரண்டு துணிகளுக்கு நடுவே ஒரு ரப்பர் அடுக்கு வைத்திருப்பதால் தூண்டில்காரருக்குத் தேவைப்பட்ட அதே பாதுகாப்பு கேமராவுக்கும் கிடைத்துவிட்டது. விலையைக் கேட்டால்தான் நமக்கு மயக்கம் வரும்.

என்னுடையது அந்த ஜாதியில் ஓர் ஏழை உறவு. வெளுத்துப்போன பச்சைக் கான்வாஸ் தோள்பை. பார்த்தால் நில அளவைக்குப் போகிறவர் பை என்று தோன்றும். தலைக்கு வைத்துப் படுத்தேன்.

விடியற்காலை மன்னார்குடி ஸ்டேஷனில் நண்பர் காத்திருந்தார். கல்யாணப் போட்டோகிராபர். மார்கழியில் முகூர்த்தம் கிடையாது என்பதால் அவருக்கு ஓய்வு. அதனால்தான் இந்த மாதத்தையே தேர்ந்தெடுத்தோம். கையில் அவருடைய அலுமினியப் பெட்டி. டெல்டாவில் எந்தக் கல்யாண மண்டபத்துக்குப் போனாலும் மேடை ஓரத்தில் இந்த ரகப் பெட்டி ஒன்று கிடக்கும். எட்டு மூலையிலும் இரும்புக் குமிழ், விளிம்பெல்லாம் ரிவெட், மூடியில் இரண்டு தாழ்ப்பாள். திறந்தால் கறுப்பு ஸ்பாஞ்சில் கேமரா உருவத்துக்கும் ஃபிளாஷ் உருவத்துக்கும் குழி வெட்டியிருக்கும். “இதுமேல ஏறி நின்னுதாண்ணே தாலி கட்டுறத எடுப்பேன்” என்றார். பொய்யில்லை. மண்டபத்தில் முன்வரிசையை உறவுக்காரர்கள் அடைத்துக்கொள்ளும்போது, முக்கால் அடி உயரம் அவருக்குப் பெரிய சொத்து. பெட்டி மேல்பக்கத்தில் இரண்டு பாதம் படுகிற இடத்தில் மட்டும் கோடுகள் தேய்ந்து வழவழவென்று ஆகியிருந்தன.

மண்டபத்துக்கு அது நல்ல பெட்டிதான். மிதிப்பார்கள், சேர் விழும், ஜெனரேட்டர் வண்டியில் ஏற்றி இறக்குவார்கள். தண்ணீருக்கு அது பெட்டியே இல்லை. மூடியும் உடலும் சேரும் இடத்தில் விரல் நகம் நுழையும் அளவுக்கு இடைவெளி. படகில் ஓர் அலை அடித்தால் உள்ளே போகிற தண்ணீர் ஸ்பாஞ்சில் இறங்கிப் பத்திரமாக அங்கேயே தங்கிவிடும்.

தண்ணீருக்கென்றே செய்த பெட்டிகள் இருக்கின்றன. பெலிக்கன் என்ற அமெரிக்க நிறுவனம் 1976இல் தொடங்கியது; நீர் புகாத கடினப் பெட்டி என்றாலே அந்தப் பெயர்தான் பலர் வாயில் வரும். பாலிப்ரொப்பிலின் உடல், மூடியைச் சுற்றி ஒரு ரப்பர் வளையம், முன்பக்கம் ஒரு குட்டி வால்வு. வால்வு எதற்கு என்று பலருக்குச் சந்தேகம். விமானத்திலோ மலையிலோ மேலே போகும்போது வெளிக்காற்றின் அழுத்தம் குறைகிறது; உள்ளே அடைபட்ட காற்று வெளியே போக வேண்டும். திரும்பக் கீழே வரும்போது வெளியழுத்தம் மூடியை அமுக்கும். காற்று உள்ளே வர வழியில்லாவிட்டால் மூடியைத் திறக்க மல்லுக்கட்ட வேண்டும். வால்வு காற்றை விட்டுத் தண்ணீரைத் தடுக்கும். இந்தப் பெட்டிகளில் பல ஐபி67 தரத்துக்குச் சோதிக்கப்பட்டவை. தூசி நுழையாது, 1 மீட்டர் தண்ணீரில் 30 நிமிடம் கிடந்தாலும் உள்ளே நனையாது என்பது அதன் கணக்கு.

எடைதான் தொல்லை. விமானத்தில் கையோடு கொண்டுபோகலாம் என்று விற்கிற 1510 மாடல், ஸ்பாஞ்சோடு சேர்த்து 6 கிலோவைத் தாண்டும். நம் உள்நாட்டு விமானங்களில் கைச்சாமானுக்குப் பொதுவாக 7 கிலோதான். பெட்டியைக் கொண்டுபோகலாம், கேமராவை வீட்டில் வைத்துவிட்டு. சாமானோடு போட்டுவிடலாம் என்றால், உதிரி லித்தியம் பேட்டரிகளைச் சரக்கில் விட மாட்டார்கள். அவற்றை எடுத்துக் கையோடுதான் வைத்துக்கொள்ள வேண்டும். காரில் போய் இறங்கி, ஓரிடத்தில் நின்று வேலை செய்கிறவருக்கு அது பொன்னான பெட்டி. பஸ் ஏறி இறங்குகிற எனக்கு அது ஒரு தண்டனை.

முத்துப்பேட்டையிலிருந்து ஜாம்புவானோடை போனால் அங்கிருந்து கோரையாற்றில் படகு. வனத்துறை அனுமதி வாங்கிக்கொள்ள வேண்டும். ஆறு அகன்று காயலில் சேரும்வரை இரு கரையிலும் அலையாத்தி மரங்கள். சேற்றிலிருந்து பென்சில் பென்சிலாக வேர்கள் மேலே நீட்டிக்கொண்டு நிற்கின்றன. மூச்சு விடுகிற வேர்கள். ஏறி உட்கார்ந்ததும் பையைக் காலடியில் வைக்கப் போனேன்.

“கீழ வைக்காதீங்க சார். அடியில தண்ணி நிக்கும்” என்றார் படகோட்டி.

குனிந்து பலகையைத் தூக்கிக் காட்டினார். அடியில் ஒரு சாண் கலங்கல் தண்ணீர் படகோடு சேர்ந்து ஆடிக்கொண்டிருந்தது. படகில் கேமராவை நனைப்பது பெரும்பாலும் மேலிருந்து தெறிக்கிற அலையில்லை, அடியில் சத்தமில்லாமல் நிற்கிற இந்தத் தண்ணீர்தான். தோள்பைகள் பலவற்றுக்கு அடிப்பக்கம்தான் பலவீனம். தையல் முழுக்க அங்கேதான் ஓடும்; தையல் ஊசி போட்ட ஒவ்வொரு துளையும் ஒரு வாசல். கடையில் பை வாங்கும்போது ஜிப்பை இழுத்துப் பார்க்கிறோமே, கவிழ்த்து அடியைப் பார்க்கிறோமா?

அவருடைய போன் எங்கே என்று கேட்டேன். பெட்டிக்கடையில் முறுக்குப் போட்டு வைக்கிற பெரிய வாய் பிளாஸ்டிக் ஜாடியை எடுத்தார். உள்ளே போன், தீப்பெட்டி, மடித்த ரூபாய், ஒரு துண்டு வேட்டித் துணி. போனை எடுத்துப் பார்த்துவிட்டு உள்ளே போட்டார். பிறகு செய்த காரியத்தை நண்பர் வாய் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஜாடி வாயில் ஒரு பாலிதீன் தாளை இரண்டாக மடித்து விரித்து, அதன்மேல் மூடியை வைத்துத் திருகினார். தாள் சுற்றிலும் பிதுங்கி இறுகியது. ஜாடியைத் தூக்கித் தண்ணீரில் போட்டுக் காட்டினார். மிதந்தது.

ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்குகிற பெட்டியின் ரப்பர் வளையம் செய்கிற வேலையும் இதுவேதான். அமுங்கக்கூடிய ஒன்று நடுவே இருக்க வேண்டும், மேலே அழுத்தம் வேண்டும். அலுமினியப் பெட்டியில் இல்லாதது அந்தப் பாலிதீன் தாள்.

நான் கொண்டுபோயிருந்தது இரண்டுக்கும் நடுவான ஓர் ஏற்பாடு. கான்வாஸ் பைக்குள் ஸ்பாஞ்ச் வைத்த உள்பை ஒன்று தனியாக இருக்கும். பிடித்து இழுத்தால் கேமரா, லென்ஸ் எல்லாவற்றோடும் அப்படியே வெளியே வரும். படகில் அந்த உள்பையை மட்டும் எடுத்து, வாயைச் சுருட்டி மூடுகிற நீர்ப்புகாப் பைக்குள் இறக்கினேன். ராஃப்டிங் போகிறவர்கள் வைத்திருக்கிற அதே சாதனம். சில நூறு ரூபாயிலேயே கிடைக்கிறது. வாயை மூன்று சுற்றுக்குக் குறையாமல் சுருட்டிக் கொக்கியை மாட்ட வேண்டும். இரண்டு சுற்றோடு விட்டால் அது சாதாரண கேரிபேக். கொஞ்சம் காற்றையும் சேர்த்து அடைத்தால் கவிழ்ந்தாலும் மிதக்கும். மூன்று பை சுமக்காமல் மூன்று இடத்துக்கும் போக எனக்குத் தெரிந்த வழி இதுதான்: உள்பை ஒன்று, வெளிப்பை இடத்துக்கு ஏற்ப.

இதற்கும் ஒரு விலை உண்டு. காயல் நடுவே ஒரு மீன்கொத்தி கழிமேல் உட்கார்ந்திருந்தது. நான் கொக்கியைக் கழற்றி, சுருளைப் பிரித்து, உள்பை ஜிப்பை இழுத்துக் கேமராவை எடுப்பதற்குள் அது மீனும் பிடித்து ஊருக்கும் போய்விட்டது. முழுப் பாதுகாப்பு வேண்டுமென்றால் படத்தைக் கொஞ்சம் விட்டுக்கொடுக்கத்தான் வேண்டும்.

திருத்துறைப்பூண்டியிலிருந்து அகஸ்தியம்பள்ளிக்கு ரயில். 37 கிலோமீட்டர். பல வருடம் மூடிக்கிடந்து அகலப்பாதையாகி 2023 ஏப்ரலில் திரும்ப ஓட ஆரம்பித்த தடம். ஜன்னல் வழியே வயல் வயலாகப் பச்சை ஓடி, வேதாரண்யம் நெருங்க நெருங்க நிலம் வெளுக்கிறது. அகஸ்தியம்பள்ளியில் உப்புச் சத்தியாகிரக நினைவுத்தூண் இருக்கிறது. திருச்சியிலிருந்து ராஜாஜியோடு நடந்து வந்தவர்கள் 1930 ஏப்ரல் 30 அன்று உப்பு அள்ளியது இந்தப் பக்கத்தில்தான்.

போன பருவத்து உப்பு, கீற்றும் தார்ப்பாயும் போர்த்தி அம்பாரமாகக் கிடந்தது. மழையில் கரைந்த வரப்புகளைப் பாத்தி பாத்தியாகச் சரிசெய்துகொண்டிருந்தார்கள். வெயில் ஏறியதும் காற்று எழும்பி, மண்ணோடு உப்புத் தூளும் பறந்தது. உதட்டை நக்கினால் கரித்தது.

உப்பின் குணம் இங்கேதான் புரிய வேண்டும். நண்பகலில் அது வெறும் தூள். ஊதினால் போய்விடும் என்று தோன்றும். ஆனால் காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டியதும் உப்பு தானாகவே காற்றிலிருக்கிற நீரைக் குடித்துக் கரைய ஆரம்பிக்கும். சமையலறை உப்பு ஜாடி மழைக்காலத்தில் கசிவது அதனால்தான். பகலில் ஜிப் பல்லுக்குள் புகுந்து உட்கார்ந்த தூள், ராத்திரி கடல் காற்று பட்டதும் உப்புநீராகி உலோகத்தைத் தின்னத் தொடங்கும். பித்தளை ஜிப் என்றால் ரன்னரில் பச்சையாகப் பூக்கும்; கொஞ்ச நாளில் இழுத்தால் வராது. பார்க்க அழகாக இருக்கிற உலோகக் கொக்கி, உலோக ஜிப் பைகளை நான் கடலோரத்துக்குச் சிபாரிசு செய்ய மாட்டேன். நைலான் சுருள் ஜிப், பிளாஸ்டிக் கொக்கி போதும். மாலை அறைக்குத் திரும்பியதும், பையைத் திறப்பதற்கு முன்னால், நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் ஜிப் ஓரங்களைத் துடைக்க வேண்டும். துடைக்காமல் திறந்தால் வெளியே இருந்த உப்பு உள்ளே கொட்டும்.

முதுகுப்பை வாங்குகிறவர்களுக்கு உப்பளம் ஒரு நல்ல பரீட்சை. முன்பக்கம் திறக்கிற பை என்றால், திறப்பதற்காக முதுகுப் பட்டைப் பக்கத்தைத் தரையில் வைக்க வேண்டும். சேறும் உப்பும் பட்டையில் ஒட்டி, திரும்ப மாட்டும்போது சட்டைக்கு வரும். முதுகுப்பக்கம் திறக்கிற பை என்றால் சேறு படுவது வெளிப்பக்கத்தில். பட்டை சுத்தமாக இருக்கும். ரயில் கூட்டத்தில் பின்னாலிருந்து யாரும் ஜிப்பைத் திறக்கவும் முடியாது.

அன்றைக்குப் பிற்பகல் எதிர்பாராமல் ஒரு தூறல் பிடித்தது. நண்பர் தோளில் இருந்த முதுகுப்பைக்கு உறையைப் போட்டோம். மழையுறையில் எல்லாரும் மறந்துபோகிற விஷயம், அது முதுகுப் பக்கத்தை மூடாது என்பது. தலையில் விழுகிற மழை கழுத்து வழியே இறங்கி, முதுகுக்கும் பைக்கும் நடுவில் ஓடி, உறைக்குள்ளேயே அடியில் தேங்கும். நல்ல உறையில் அடியில் ஒரு சின்ன ஓட்டை இருக்கும். நம்மவர்களில் சிலர் அதைக் குறை என்று நினைத்து டேப் ஒட்டிவிடுகிறார்கள்.

வேதாரண்யம் லாட்ஜில் நண்பருக்கு மார்கழியிலும் ஏசி வேண்டியிருந்தது. 18இல் வைத்துவிட்டுப் போர்த்திக்கொண்டு தூங்கினார். விடிகாலையில் அந்தக் குளிர்ந்த கேமராவை வெளியே எடுத்தால் லென்ஸ் முழுக்கப் பனி படரும். துடைக்கத் துடைக்க வரும். பையை மூடியபடியே வெளியே கொண்டுபோய் அரைமணி நேரம் விட்டால், உள்ளே இருப்பது மெதுவாக வெளிச்சூட்டுக்கு வந்துவிடும். தடிமனான ஸ்பாஞ்சை இத்தனை நேரம் குறை சொன்னேன். இந்த ஒரு வேலையில் அதற்கு நிகர் இல்லை. டீக்கடையில் பெஞ்சின் மேல் பையை வைத்துவிட்டு இரண்டு டீ குடித்தால் நேரம் சரியாக இருக்கும்.

கோடியக்கரை சரணாலயம் 1967இல் அறிவிக்கப்பட்டது. 2002இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. வெளிமான்கள்தான் இங்கே முதல் மரியாதைக்குரியவர்கள். காட்டுக்குதிரைகளாகிவிட்ட பழைய வளர்ப்புக் குதிரைகளும் புல்வெளியில் நிற்கும். ஓர் ஆண் வெளிமான், முறுக்கின கொம்போடு, நாங்கள் இருந்த புதருக்கு நேராக மேய்ந்துகொண்டே வந்தது. இன்னும் கொஞ்சம் வரட்டும் என்று காத்திருந்தோம். நண்பர் பேட்டரி மாற்ற இடுப்புப் பையின் மூடியைத் திறந்தார். வெல்க்ரோ. அந்த அமைதியில் ‘சர்ர்’ என்று துணி கிழிந்த சத்தம். மான் தலையைத் தூக்கியது. அடுத்த கணம் மொத்தக் கூட்டமும் துள்ளித் துள்ளிப் போய்ச் சேர்ந்தது.

காட்டுக்குப் போகிறவர் கடையில் செய்ய வேண்டிய சோதனை இது. கண்ணை மூடிக்கொண்டு பையைத் திறந்து பாருங்கள். என்ன சத்தம் வருகிறது? வெல்க்ரோவை உள் தடுப்புகளுக்கு வைத்துக்கொள்ளலாம், வாசலுக்கு வேண்டாம். டெலி லென்ஸ் மாட்டிய நிலையிலேயே கேமரா உள்ளே போகிறதா என்றும் பார்க்க வேண்டும். கழற்றி வைத்தால்தான் மூட முடியும் என்கிற பை, உப்பு பறக்கிற இடத்தில் லென்ஸை மாற்ற வைக்கும். அதைவிட ஆபத்து வேறில்லை.

குரங்குகளைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். அவற்றுக்கு ஐபி67 எல்லாம் தெரியாது, வாசனை தெரியும். கேமரா பையின் பக்கவாட்டு அறையில் வாழைப்பழம் வைக்கிறவருக்கு எந்த நிறுவனத்தின் உத்தரவாதமும் உதவாது.

திரும்பும் பஸ்ஸில் நண்பர் சிலிகா ஜெல் பற்றிக் கேட்டார். பெட்டியில் பொட்டலம் பொட்டலமாகப் போட்டு வைத்திருப்பதாகச் சொன்னார். மூடி இறுகாத பெட்டியிலோ துணிப் பையிலோ போட்ட ஜெல், கடலோரத்தில் சீக்கிரமே ஊறிப்போய்விடும்; உலகத்து ஈரம் முழுவதையும் அது குடிக்க முடியாது. காற்றுப் புகாத டப்பாவில் போட்டால்தான் வேலை செய்யும். நிறம் மாறியதும் சூடாக்கி உலர்த்தித் திரும்பப் போடலாம். ஈரப்பதம் 70 சதவீதத்துக்கு மேல் சில நாள் தொடர்ந்தாலே லென்ஸில் பூஞ்சை முளைக்கலாம் என்று ஜெய்ஸ் நிறுவனமே எச்சரித்திருக்கிறது. அதனால் பயணம் முடிந்ததும் பை வேறு, கேமரா வேறு. பையைக் காலி செய்து நிழலில் காற்றாட விட வேண்டும். பல பைகளின் உள்பக்கத்தில் பூசியிருக்கிற பாலியூரித்தேன் பூச்சு, ஈரத்தில் மூடிக்கிடந்தால் பிசுபிசுத்துச் செதில் செதிலாக உரிய ஆரம்பிக்கும். அந்தச் செதில் நேராக லென்ஸுக்குத்தான் போகும். கேமரா, ரப்பர் விளிம்பு வைத்த சமையலறை டப்பாவில், ஜெல்லோடும் மலிவான ஈரப்பதமானி ஒன்றோடும் இருக்கட்டும். முள் 40க்கும் 50க்கும் நடுவில் நின்றால் போதும்.

நண்பர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். மடியில் இருந்த அலுமினியப் பெட்டியின் விளிம்பை விரலால் தடவிக்கொண்டே வந்தவர், மன்னார்குடியில் இறங்கியதும் சைக்கிள் கடைக்குப் போய்ப் பழைய டியூப் வாங்கப் போவதாகச் சொன்னார். நீளமாக நறுக்கி மூடி ஓரத்தில் ஒட்டிவிடுவாராம்.

“ஒட்டலாம். ஆனா ரப்பர் அமுங்கணும்ல? உங்க தாழ்ப்பாள் ரெண்டும் லொடலொடன்னு இருக்கே” என்றேன்.

“தாழ்ப்பாளையும் மாத்திடுவோம்ணே. தை பொறந்தா முகூர்த்தம், அதுக்குள்ள முடிச்சாவணும்.”